எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஒரு கடிதம்: ஹெலன் டஃப்ரினின் பாட்டுகள்

ஒரு பெண் காதலனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லதாகப் போயிற்று என்கிறாள். எழுத்துக் கூட்டி அவன் ஏன் திண்டாட வேண்டும், சொல்ல வந்தது அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததுதானே! கடிதத்தை மடித்து, தன் நல்ல தொப்பியின் உச்சி அளவுக்கு ஒரு முத்திரையைக் குத்துகிறாள். அஞ்சல் அலுவலகத்தில் பிரித்துப் பார்த்து ஏதாவது சொல்லிவைத்தால்? அப்புறம், உறையின் மேல் அவன் பெயரை எழுதினால் ஊரார் கேலி செய்வார்கள். அதனால் பெயர் எழுதாமல், 'சின்னக் கேட்டியிடமிருந்து, அவள் மனதார நேசிக்கும் ஒருவருக்கு' என்று மட்டும் எழுதிப் போட்டுவிடுகிறாள். காத்துக் காத்துப் பார்க்கிறாள், பதில் இல்லை. தபால்காரனுக்குத் தலைக்கனம், கொண்டுவந்து தர மாட்டேன் என்கிறான். ஒருவேளை பதிலே எழுதவில்லையோ என்னவோ. அவனுக்குத்தான் எழுதவும் தெரியாதே!

'கேட்டியின் கடிதம்' என்ற இந்தப் பாட்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் வீடுகளில் பியானோவோடு பாடப்பட்டது. சொல், மெட்டு இரண்டும் டஃப்ரின் சீமாட்டியுடையவை என்றே அச்சாகி வந்தது. 1841 மக்கள்தொகைக் கணக்கின்படி அயர்லாந்தில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. அதாவது கேட்டியின் காதலன் கற்பனைப் பாத்திரம் என்றாலும் ஊருக்குப் பாதிப் பேர் அவன்தான். அவனுக்குக் கடிதம் எழுதிய கேட்டிக்குக் குரல் கொடுத்தவரோ, பிரபு வம்சத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் 'லேடி டஃப்ரின்' என்றதும் பெண்களுக்கான மருத்துவமனைகள்தான் நினைவுக்கு வரும். அவர் வேறு. 1884 முதல் 1888 வரை இங்கே வைஸ்ராயாக இருந்த டஃப்ரின் பிரபுவின் மனைவி ஹாரியட் அவர். 1885-இல் அந்த மருத்துவ நிதியைத் தொடங்கினார். நாம் பேசுவது அவருடைய மாமியாரைப் பற்றி, வைஸ்ராயின் அம்மா, ஐரிஷ் இசையமைப்பாளர் ஹெலன் செலினா ஷெரிடன் பற்றி. மகன் கல்கத்தாவில் காங்கிரஸ்காரர்களை 'நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய சிறுபான்மை' என்று கிண்டல் செய்த 1888-இல் அம்மா உயிரோடு இல்லை. இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹெலன் பிறந்தது 1807-இல், இங்கிலாந்தில். பிறகு எப்படி ஐரிஷ் இசையமைப்பாளர் என்கிறோம்? அப்பா வழியில் ஷெரிடன் குடும்பம் டப்ளினைச் சேர்ந்தது. தாத்தா ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் லண்டன் நாடக மேடையையும் நாடாளுமன்றத்தையும் ஒருசேரக் கலக்கியவர். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்ற விசாரணையில் அயோத்தி பேகம்களுக்காக மணிக்கணக்கில் பேசியவரும் அவரே. ஹெலன் கல்யாணமாகிப் போனது அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் டவுன் மாவட்டத்து நிலப்பிரபு குடும்பத்துக்கு. பாட்டுகளின் மண் அயர்லாந்து, பேச்சு அயர்லாந்து. பிறப்புச் சான்றிதழைவிட இது போதும் என்பது என் கணக்கு.

பாட்டு வந்தது பாட்டி வழியில். ஷெரிடனின் முதல் மனைவி எலிசபெத் லின்லி, பாத் நகரத்துப் பாடகி. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று என்று பெயர் வாங்கியவர். 1773-இல் கல்யாணம் ஆனதும் கணவர் சொன்னார்: இனி காசுக்காக மேடையில் பாடக் கூடாது. அன்றைக்கு அந்தக் குடும்பத்துக்கு வேறு வருமானம் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் கனவான் ஒருவரின் மனைவி கச்சேரி செய்வது கௌரவக் குறைச்சல். அந்தக் குரல் அதோடு விருந்தினர் அறைக்குள் அடங்கிப்போனது. எலிசபெத் 1792-இல் காசநோயில் இறந்தார். அவரைப் பேத்திகள் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு மறுக்கப்பட்டதைப் பேத்திகள் வேறு வழியில் செய்தார்கள். மேடை ஏறவில்லை, அச்சில் ஏறினார்கள்.

ஹெலனின் அப்பா டாம் ஷெரிடனுக்கும் காசநோய். உடம்பு தேறட்டும் என்று தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் வேலை வாங்கிக்கொண்டு 1813-இல் கப்பல் ஏறினார். மனைவியும் மூத்த பெண் ஹெலனும் கூடப் போனார்கள். 1817-இல் டாம் அங்கேயே இறந்தார். திரும்பி வரும் வழியில் கப்பல் செயின்ட் ஹெலினா தீவில் நின்றபோது, சிறையிருந்த நெப்போலியனைச் சிறுமி ஹெலன் பார்த்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். தாத்தா அதற்கு முந்தைய ஆண்டே கடனோடு போய்ச் சேர்ந்திருந்தார். அரச குடும்பத்தின் தயவில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் ஒரு பகுதியில் விதவை அம்மாவும் பிள்ளைகளும் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள். அம்மா நாவல் எழுதிச் சம்பாதித்தார். பெரிய பெயர், காலிப் பெட்டி. பெண் பிள்ளைகளுக்கு வரதட்சணை என்று கொடுக்க அழகும் பேச்சும் பாட்டும்தான் இருந்தன.

அந்த மூன்று பெண்களைப் பற்றி லண்டனே பேசியது. மூத்தவர் ஹெலன், அடுத்தவர் கரோலின், கடைசி ஜார்ஜியானா. பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலி இளைஞராக ஒரு விருந்துக்குப் போனபோது ஹெலன் அவரிடம் சொன்னாராம்: 'ஜார்ஜிதான் அழகி, கேரிதான் புத்திசாலி, நான் நல்லவளாக இருக்க வேண்டும், ஆனால் இல்லையே!' தங்கை கரோலின் நார்ட்டனின் பெயர் சட்ட வரலாற்றில் இருக்கிறது. கணவனோடு நடந்த சண்டையில் குழந்தைகளைப் பறிகொடுத்து, அதை எதிர்த்து எழுதி எழுதியே 1839-இல் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் வரக் காரணமானவர். அவரும் பாட்டு எழுதினார், மெட்டும் போட்டார். அக்காவும் தங்கையும் சேர்ந்து போட்ட ஒரு பாட்டுத் தொகுப்பு 'சொல்லும் இசையும் இரு சகோதரிகளுடையவை' என்று பெயர் சொல்லாமல் வெளிவந்தது.

பெயர் சொல்லாததற்குக் காரணம் வெறும் கூச்சமில்லை. அன்றைய பாட்டு வியாபாரம் எப்படி நடந்தது என்று பார்த்தால் புரியும். 1830-களில் நடுத்தர வீடுகளுக்குள்ளும் பியானோ நுழைந்துகொண்டிருந்தது. வாங்கிய பியானோவில் வாசிக்கப் பாட்டு வேண்டும். கடைகளில் நாலைந்து பக்க இசைத்தாள்கள் விற்றன, அட்டையில் படம், உள்ளே சுரமும் சொல்லும். வாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள், தேர்ந்த பாடகிகள் இல்லை. ஆகவே குரல் அதிகம் ஏறி இறங்காத மெட்டு, எல்லாச் சரணத்துக்கும் அதே மெட்டு, வலது கைக்கும் இடது கைக்கும் வம்பு வைக்காத துணையிசை. இலக்கணம் அவ்வளவுதான். மெட்டு எளிமையாக இருப்பதால் பாட்டின் கனம் முழுக்கச் சொல்லின் மேல் விழும். ஒரே மெட்டு நான்கு முறை, ஆறு முறை வரும்போது கதை நகர வேண்டும், இல்லையென்றால் கேட்பவர் கொட்டாவி விடுவார். ஹெலன் கைதேர்ந்தவர் இதில்தான். கேட்டியின் கடிதத்தில் ஒவ்வொரு சரணமும் 'மனதார நேசிக்கிறேன்' என்ற இடத்துக்கே வந்து சேரும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு காரணத்தோடு. கடைசியில் மட்டும் அது 'நேசிக்கிறான்' என்று அவன் பக்கம் மாறிவிடும். பதில் வராத கடிதத்துக்கு அவளே பதிலும் சொல்லிக்கொள்கிறாள்.

சரி, அட்டைக்கு வருவோம். சீமாட்டியின் பெயர் அட்டையில் இருந்தால் பதிப்பாளருக்கு நல்ல விற்பனை. சீமாட்டி காசுக்குப் பாட்டு விற்கிறார் என்றால் அந்தச் சீமாட்டிக்குக் கெட்ட பெயர். போதாக்குறைக்குக் காசும் அவருடையதில்லை. 1870 வரை இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண் சம்பாதித்தது கணவனுக்குச் சொந்தம். கரோலினின் கணவன் அவருடைய எழுத்து வருமானத்தின் மேல் உரிமை கொண்டாடியே காட்டினான். ஹெலன் அந்த விதத்தில் கொடுத்துவைத்தவர். 1825-இல், 18 வயதில், கடற்படை அதிகாரி பிரைஸ் பிளாக்வுட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். டஃப்ரின் பட்டத்துக்கு வாரிசு, நல்ல மனிதர். பெண் கையில் காசில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததால் இருவரும் இத்தாலிக்குப் போய்விட்டார்கள். 1826 ஜூனில் ஃபிளாரன்ஸில் ஒரே பிள்ளை ஃபிரெடரிக் பிறந்தான். 1839-இல் கணவருக்குப் பட்டம் வந்தது. அதனால்தான் முந்தைய பாட்டுகளில் 'பிளாக்வுட் அம்மையார்', பிந்தையவற்றில் 'டஃப்ரின் சீமாட்டி'. ஒரே ஆள்தான்.

அந்த முந்தைய பெயரில் வந்த ஒன்றுதான் அவருடைய பெயரை உலகம் சுற்ற வைத்தது, 'ஐரிஷ் குடியேறியின் புலம்பல்'. 1840-இல் பாஸ்டனில் அச்சானது. ஆனால் இதன் மெட்டு அவருடையதில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிய வில்லியம் டெம்ப்ஸ்டர் போட்டது. இங்கிலாந்தில் ஜார்ஜ் பார்க்கர் இன்னொரு மெட்டுப் போட்டார். இசையமைப்பாளர் என்று பேரெடுத்தவரின் மிகப் பெரிய பாட்டுக்கு வேறொருவர் மெட்டு என்பது சங்கடம்தான், மறைக்க வேண்டியதில்லை. சொல்லே பாதி மெட்டைக் கையில் கொடுத்துவிடுகிறது என்பதும் உண்மை.

வேலி தாண்டும் கடப்புப் படியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். மேரி என்று ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசுகிறான். இதே படியில் ஒரு மே மாதக் காலையில், அவள் புதுப்பெண்ணாக இருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்தோம் என்கிறான். பயிர் பச்சையாக முளைத்திருந்தது, வானம்பாடி உச்சத்தில் பாடியது. இடம் அப்படியே இருக்கிறது, பயிரும் பச்சை, பறவையும் பாடுகிறது. அவள் மட்டும் பதில் பேசவில்லை. சந்தில் நாலடி நடந்தால் கல்யாணம் நடந்த தேவாலயம். கோபுரம் இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் நடுவில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது மேரி, என் காலடிச் சத்தத்தில் நீ விழித்துவிடுவாயே. மார்பில் உன் குழந்தையோடு உன்னைத் தூங்க வைத்திருக்கிறேன்.

பிரசவத்தில் இறந்தாள் என்று பாட்டு எங்கும் சொல்லவில்லை. 'மார்பில் உன் குழந்தையோடு' என்ற மூன்று சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. அழவைக்கும் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. இறந்த மனைவி, காலி நாற்காலி, ஒரு கொத்து முடி என்று வண்டி வண்டியாக வந்தன. அவற்றில் பெரும்பாலானவை துக்கத்துக்கு உரை எழுதிக்கொண்டிருக்கும். இந்தப் பாட்டு ஒரு பொருளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அதற்கப்புறம் வரும் வரி அந்தக்கால வரவேற்பறையில் சாதாரணமாகக் கேட்காத வரி. எனக்கு இப்போது யாருமில்லை, ஏழைகள் புதுச் சிநேகம் பிடிப்பதில்லை என்கிறான். பிறகு அவளுக்கு நன்றி சொல்கிறான். எதற்கு? பசி வயிற்றைக் கிள்ளியபோது எனக்காக அதை மறைத்துக்கொண்டு சிரித்தாயே, அதற்கு. காதலியின் கண்ணுக்கும் உதட்டுக்கும் நன்றி சொன்ன பாட்டுகள் உண்டு. பட்டினியை மறைத்ததற்கு நன்றி சொன்ன பாட்டைப் பட்டுப் பாவாடை உடுத்திய பெண்கள் பியானோ முன்னால் உட்கார்ந்து பாடினார்கள் என்பதை நினைத்துப் பார்க்க விநோதமாக இருக்கிறது.

கடைசியில்தான் பயணம் வருகிறது. அங்கே எல்லோருக்கும் ரொட்டியும் வேலையும் உண்டு என்று சொல்கிறார்கள், எப்போதும் வெயில் அடிக்கிறதாம். ஐம்பது மடங்கு அழகான நாடாக இருந்தாலும் அயர்லாந்தை மறக்க மாட்டேன். 'சொல்கிறார்கள்' என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்கா என்ற பெயர்கூட இல்லை. யாரோ சொன்னதை நம்பியும் நம்பாமலும் கிளம்புகிறவன் பேச்சு அது. கப்பல் முகவர்கள் கிராமம் கிராமமாக ஒட்டிய விளம்பரங்களும் ஏறத்தாழ இதையேதான் சொல்லின.

இந்தப் பாட்டைப் பெரும் பஞ்சத்துப் பாட்டு என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். காலம் ஒத்துவரவில்லை. உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது 1845-இல். பாட்டு அதற்கு 5 ஆண்டு முந்தையது. பஞ்சம் வருவதற்கு முன்பே, 1815-க்கும் 1845-க்கும் இடையில், சுமார் 10 லட்சம் பேர் அயர்லாந்தைவிட்டுப் போயிருந்தார்கள். பசி புதிதாக வந்த விருந்தாளி இல்லை. 1841-இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கோ அதற்கு மேலோ கப்பல் ஏறினார்கள். அந்தப் பத்தாண்டில் அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் செய்தித்தாள் செய்தியாகிவிட்டது. அதனால் மக்கள் தேதியைப் பார்க்காமல் அதைப் பஞ்சத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். தப்பான தகவல்தான், ஆனால் பாட்டு எந்த ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நல்ல சாட்சி.

இன்னொரு தப்பும் உண்டு. ஹெலன் தன் கணவனை இழந்த துக்கத்தைத்தான் மாற்றிப் பாடினார் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் இல்லை. பிரைஸ் டஃப்ரின் இறந்தது 1841 ஜூலையில், லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் கப்பலில், மார்ஃபின் அளவு மிஞ்சிப்போனதால். பாட்டு முதலில், சாவு பிறகு. 34 வயதில் விதவையானபோது, இழந்தவன் எப்படிப் பேசுவான் என்று அவர் ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்.

ஹெலனின் பாட்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அவற்றில் வரும் 'நான்' ஒருபோதும் அவரில்லை. ஒரு பாட்டில் மனைவியைப் புதைத்த ஏழை ஆண், ஒன்றில் கிராமத்துப் பெண் கேட்டி, இன்னொன்றில் டெரன்ஸ் என்ற இளைஞன். 'டப்ளின் வளைகுடா'வில் அயல்நாட்டில் வேலைக்கு நடுவே உட்கார்ந்து, கேட்டி பின்னிக்கொண்டிருப்பதையும் குடிசை வாசலில் பிள்ளைகள் விளையாடுவதையும் மனதில் பார்க்கும் ஒருவர். அந்த இடம் எவ்வளவு அழகு என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை என்று அலுத்துக்கொள்கிறார். எல்லோருமே ஐரிஷ் வாடை வீசும் கொச்சை ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். ஐரிஷ்காரனைக் கொச்சை பேசவைத்துச் சிரிப்பது லண்டன் மேடையின் பழைய வழக்கம். ஹெலன் அந்த வழக்கத்திலிருந்துதான் எடுத்தார், அதில் சந்தேகமில்லை. எடுத்ததை வைத்து என்ன செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'கேத்லீனுக்கு டெரன்ஸின் விடைகொடுப்பு' அதற்கு நல்ல உதாரணம். இங்கே போகிறவள் பெண். கேத்லீன் இங்கிலாந்துக்குப் போகிறாள், டெரன்ஸ் ஊரில் தங்குகிறான். அவனுக்கு இங்கிலாந்து என்பது ஒரு நகரம்! 'இங்கிலாந்து அழகான நகரம்தான், பகட்டான பையன்கள் நிறைய' என்கிறான். அவையோர் சிரிக்கும் இடம் இது. ஆங்கிலேயர்கள் பிறவிப் பொய்யர்கள், நீ அழகி என்று சொல்வார்கள், நம்பிவிடாதே என்று புத்தி சொல்கிறான். இதுவும் சிரிப்பு, ஆனால் சிரிக்கிற ஆங்கிலேயரைக் கொஞ்சம் உறுத்தும். அப்புறம் சொல்கிறான்: நீ திரும்பி வந்தாலும் எனக்கு லாபமில்லை கேத்லீன், நீ அவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசுவாய், எனக்கு உன்னை அடையாளமே தெரியாது.

அதில் சிரிப்பு நின்றுவிடுகிறது. 1831 முதல் அயர்லாந்தில் தேசியப் பள்ளிகள் திறந்தன. படிப்பு ஆங்கிலத்தில். பிழைக்கப் போகிற பிள்ளைக்கு ஐரிஷ் எதற்கு என்று பெற்றோர்களே அதை நாக்கிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த காலம். டெரன்ஸ் பேசுவதும் ஆங்கிலம்தான், ஆனால் ஐரிஷ் மொழி அடியில் கிடக்கும் ஆங்கிலம். கேத்லீன் திரும்பும்போது அதுவும் போயிருக்கும். ஊரைவிட்டுப் போகிறவள் பேச்சை முதலில் விடுகிறாள் என்பதை ஒரு கேலிப் பாட்டின் நடுவில், கொச்சை பேசும் கோமாளி வாயில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அதே விஷயத்தைத் தன் பெயரில் கட்டுரையாக எழுதியிருந்தால் யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

தன் வர்க்கத்தைப் பற்றிப் பாடும்போது மட்டும் கொச்சை கிடையாது, நஞ்சு உண்டு. 'வசீகரமான பெண்' என்ற பாட்டில் மர்ட்டில் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். லத்தீன் படிப்பாள், கிரேக்கம் படிப்பாள், பேச வருவதற்கு முன்பே யூக்ளிட் கணக்கைப் போட்டவள். எவ்வளவு வசீகரம், மாப்பிள்ளை கொடுத்துவைத்தவர் என்று விருந்து வம்பு நீள்கிறது. முடிவில், அறிவுள்ள ஆணாக இருந்தால் வசீகரமான பெண்ணைக் கட்டாதே என்று அறிவுரை! படித்த பெண்ணைக் கிண்டல் செய்யும் பாட்டு என்று இன்று படிப்பவர்களுக்குக் கோபம் வரலாம். பாடுபவர் யார் என்று பார்க்க வேண்டும். லண்டனில் 'வசீகரமான பெண்' என்று எல்லோரும் கை காட்டிய மூவரில் ஒருவர், தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்பதை அவர்கள் முகத்துக்கு நேராகவே பியானோவில் வாசித்துக் காட்டுகிறார். இங்கேயும் 'நான்' இன்னொருத்தர்தான், வம்பளக்கும் ஊர்வாய்.

1847-க்கு வருவோம். அந்தப் பிப்ரவரியில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவனாக இருந்த மகன் ஃபிரெடரிக், நண்பன் ஜார்ஜ் பாயிலோடு பஞ்சத்தின் நடுமையமான ஸ்கிபரீன் ஊருக்குப் போனான். பார்த்ததை ஒரு சிறு நூலாக இருவரும் அச்சிட்டு, வந்த பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். அம்மா ஊகித்து எழுதிய பசியை மகன் கண்ணால் பார்த்தான். அதே ஆண்டு ஜூனில் அவனுக்கு 21 வயது நிறைந்தது. அம்மா ஒரு வெள்ளி விளக்கும் அதோடு ஒரு கவிதையும் கொடுத்தார். அவருடைய எழுத்தில் 'நான்' உண்மையாகவே அவராக இருக்கும் சில இடங்களில் அது ஒன்று. உன்னை எப்படி வாழ்த்துவேன், அன்புக்குப் போதுமான சொல் கிடையாது என்று தொடங்குகிறது. கேட்டியும் அதையேதான் சொன்னாள், சொல்லாமலே அவனுக்குத் தெரியும் என்று. ஆனால் கேட்டி சொன்னதில் உயிர் கூடுதல். இது என் ரசனை, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பிற்காலத்தில் அவர் பாட்டைவிட நையாண்டிக்கு அதிகம் நேரம் கொடுத்தார். மகன் 1856-இல் பாய்மரப் படகில் ஐஸ்லாந்துப் பக்கம் போய், அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை 'உயர் அட்சரேகைகளிலிருந்து கடிதங்கள்' என்று புத்தகமாக்கிப் பேர் வாங்கியிருந்தார். இருவருமாக எகிப்து போய் வந்த பிறகு, 1863-இல் அம்மா அதற்குக் குறும்பாக ஒரு பதில் போட்டார். 'தாழ் அட்சரேகைகளிலிருந்து மழலைகள்'. நைல் நதியில் தனியாகப் பயணம் செய்து போகிற இடமெல்லாம் ஏமாறும் இம்பல்சியா கஷிங்டன் என்ற கன்னிப்பெண்ணின் நாட்குறிப்பு, படங்களோடு. மறுபடியும் வேறொருத்தியின் 'நான்'.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது பாட்டாக எழுதினால் நம்ப மாட்டோம். கிஃபர்ட் பிரபு என்பவர், ஹெலனைவிட 15 வயது இளையவர், பல ஆண்டுகளாகக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஹெலன் மறுத்துக்கொண்டே இருந்தார். கிஃபர்ட் ஒரு விபத்தில் அடிபட்டுப் பிழைக்க மாட்டார் என்று ஆனபோது 1862 அக்டோபரில் சம்மதித்தார். டிசம்பரில் கிஃபர்ட் இறந்தார். ஹெலன் 1867 ஜூனில் மார்பகப் புற்றுநோயில் இறந்தார்.

அதே 1867-இல் மகன் ஒரு புத்தகம் வெளியிட்டார், 'ஐரிஷ் குடியேற்றமும் அயர்லாந்தின் நிலக் குத்தகையும்'. ஐரிஷ் மக்கள் கப்பல் ஏறுவதற்கு நிலப்பிரபுக்கள் காரணமில்லை. நிலத்துக்கு மிஞ்சிய ஜனம், போவதே நல்லது என்று புள்ளிவிவரங்களோடு வாதிடும் புத்தகம். டஃப்ரின் கெட்ட மனிதர் இல்லை, ஸ்கிபரீனைப் பார்த்தவர், குத்தகைக்காரர்களிடம் கறாராக நடந்துகொண்டதாகவும் பெயரில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரர். கடப்புப் படியில் உட்கார்ந்திருந்தவனின் நிலமும் யாரோ ஒரு டஃப்ரினுடையதாகத்தான் இருந்திருக்கும். அம்மாவின் பாட்டு ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை: மேரி ஏன் பட்டினி கிடந்தாள்? பாட்டில் நிலப்பிரபு இல்லை, வாடகை இல்லை, வெளியேற்றும் அமீனா இல்லை. இரக்கம் இருந்தது, கணக்கு இல்லை. மகன் கணக்கைப் போட்டார், தன் பக்கம் நின்று போட்டார். இதை வைத்துப் பாட்டைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாட்டைப் பாடிய அமெரிக்க ஐரிஷ்காரர்களுக்கு எழுதியவர் யார் வீட்டுப் பெண் என்பது தெரியாது, தெரிந்தவர்களும் விடாமல் பாடினார்கள்.

மகனுக்கு அம்மா மேல் இருந்த பாசம் மட்டும் கல்லாகவே நிற்கிறது. டவுன் மாவட்டத்தில், கிளாண்டிபாய் எஸ்டேட்டின் குன்றின் மேல் ஒரு கோபுரம் கட்டினார். 1861-இல் முடிந்த அதற்கு 'ஹெலன் கோபுரம்' என்று பெயர். மேல் அறையில் அம்மா தனக்கு எழுதிய பிறந்தநாள் கவிதையைப் பொறித்து வைத்தார். கோபுரமே பேசுவது போல ஒரு கவிதை எழுதித் தரும்படி ஆங்கிலக் கவிஞர் டெனிசனைக் கேட்டார், அவரும் எழுதினார். 'மகனின் அன்பு என்னைக் கட்டியது, அன்னையின் அன்பைப் பொன்னெழுத்தில் ஏந்தியிருக்கிறேன்' என்று கோபுரம் சொல்லும்.

முதல் உலகப் போர் வந்தபோது 36-ஆம் அல்ஸ்டர் டிவிஷன் வீரர்கள் அந்த எஸ்டேட்டில்தான் பயிற்சி எடுத்தார்கள். பிரான்சுக்குப் போகுமுன் பலர் கடைசியாகப் பார்த்த ஊர் அடையாளம் அந்தக் கோபுரம். 1916 ஜூலை 1-ஆம் தேதி சோம் போரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். 1921-இல் தியெப்வாலில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியபோது ஹெலன் கோபுரத்தின் அச்சாகவே இன்னொரு கோபுரத்தைக் கட்டினார்கள். உள்ளே டெனிசனின் அதே வரிகள். ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள்: 'அன்னையின் அன்பு' என்ற இடத்தில் 'அல்ஸ்டரின் அன்பு'.